ஓடைப் பக்கம்

எங்கள் ஊருக்கு இரண்டு புரட்சி வருவதாக இருந்தது. ஒன்று பெரிய கட்சியின் புரட்சி, இன்னொன்று சின்ன கட்சியின் புரட்சி. ரெண்டு கட்சிக்கும் நீளமான பெயர்கள் உண்டு, நோட்டீஸில் அச்சடித்திருக்கும். ஊரில் யாரும் அந்தப் பெயர்களை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி, அவ்வளவுதான். ரெண்டுக்கும் கொடி சிவப்பு. சின்ன கட்சிக் கொடியில் மட்டும் கறுப்பாக ஓர் ஓரம் தைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ஓரம் தெரியாது. காற்றில்லாத நாளில் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் தெரியாது.

அப்பா பெரிய கட்சி. மாமா சின்ன கட்சி. மாமா என்றால் அப்பாவின் தங்கச்சி புருஷன். ரெண்டு பேருக்கும் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. ஆலை ஓடுகிற மாசங்களில் கரும்பு வெட்டுவார்கள், மற்ற மாசங்களில் கிடைத்த வேலையைச் செய்வார்கள். எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் நடுவில், ஆலைச் சங்கு கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுத வரவில்லை. எழுதிவிட்டால் அங்கே இன்னும் இருக்கிற சிலர் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். இல்லாதவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள்.

அத்தை கல்யாணமே கூட்டணிக் கல்யாணம்தான். ரெண்டு கட்சியும் ஒரே கூலிச் சங்கமாகச் சேர்ந்திருந்த காலம். வெட்டுக்கூலி ஏறியிருந்தது, பெண்களுக்குக் களை எடுக்கிற கூலியும் ஏறியிருந்தது. நிலக்காரர் வாசலில் செருப்புக் காலோடு போய் நின்று பேசுகிற துணிச்சல் வந்திருந்தது. அய்யர் இல்லை, மேளம் இல்லை, தலைவர்கள் முன்னால் மாலை மாற்றித் தாலி கட்டுவது. கொடிக்கம்பம் ஒன்றுதான் நட்டிருந்தார்கள். எந்தக் கொடி மேலே, எந்தக் கொடி கீழே என்று பேச்சு கிளம்பிவிட்டது. பொண்ணும் மாப்பிள்ளையும் கழுத்தில் மாலையோடு நிற்கிறார்கள். தோழர்கள் கம்பத்தைச் சுற்றி நின்று தத்துவம் பேசுகிறார்கள். வெயில் ஏறுகிறது. கடைசியில் அத்தைதான் சொன்னாளாம்:

“இன்னொரு மூங்கில வெட்டினு வந்து நட்டா தீந்துது. இதுக்கு இன்னாத்துக்கு மீட்டிங்கு? எனக்குப் பசிக்குது.”

மாமா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “ரெண்டு கட்சியும் சேந்து எடுத்த ஒரே நல்ல முடிவு அது. அதையும் எம் பொண்டாட்டி எடுத்தா.”

மாமாவின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவில் தேடினால் கை வருகிறது, இடது கை. கத்தியை அவர் இடது கையில்தான் பிடிப்பார். இடதுகைக்காரன் மற்றவர்களுக்கு நடுவில் நின்று வெட்டினால் பக்கத்து ஆளின் முட்டியில் படும். அதனால் மேஸ்திரி அவரை எப்போதும் வரிசையின் ஓரத்தில் நிறுத்துவார். வலது கைப் பக்கம் அவரை அடுத்து நிற்பது அப்பா. ஒருவர் வீச்சு ஒருவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் வெட்டிக்கொண்டே சண்டை போடுவார்கள்.

“உங்க புரட்சி எப்ப மச்சான் வருது?”

“வந்துகினே இருக்குது மாப்ள. டவுன் பஸ்ல வருது.”

“எங்க புரட்சி நடந்து வருது.”

“நடந்து வந்தா நீ கெழவனாய்ட்ட அப்பால வரும்.”

“வரட்டும். உங்க பஸ்ஸு பஞ்சராகி நிக்கசொல்ல எங்காளு பக்கத்துல நடந்து போவான். அப்ப கைய காட்டுவ, ஏத்திக்கோன்னு.”

கரும்புக் கட்டுகளுக்கு மேலே நான் உட்கார்ந்திருப்பேன். புரட்சி என்றால் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வருகிற யாரோ ஒரு சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேச்சு மாறியது. எப்போது மாறியது என்று கையை வைத்துக் காட்ட முடியாது. பெரிய கட்சிக்கு நிலக்காரர்களோடு ஓர் உடன்படிக்கை வந்தது. எலெக்‌ஷனில் நிற்கிற எண்ணமும் வந்தது. சின்ன கட்சி உடன்படிக்கை கூடாது என்றது. அந்த வருஷத்து விளைச்சலை நாமே வெட்டி நாமே எடுப்போம் என்றது. அப்பா வீட்டில் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார். பெரிய கட்சியின் தலைவர் ஒருவர் ஜீப்பில் வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, சாந்தமான குரல். கூட்டத்தில் அவர் சொன்னது: “சங்கத்துக்குள்ள களை மொளைச்சிருக்கு. களையெடுப்பு நடக்கணும்.”

அத்தை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மண்வெட்டியும் களைக்கொட்டும் பிடித்துக் காய்த்த கை. பக்கத்தில் இருந்தவளிடம், “இவரு கையப் பாரு. ஒரு கோரையப் புடுங்கியிருப்பாரா? எது களை எது பயிருன்னு நம்மளக் கேட்டாலும் சொல்லுவோம்” என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் பெண்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தார்.

அடுத்ததைச் சொல்வதற்கு முன் கரும்பு வெட்டுகிறவர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

தோட்டத்தைச் சுற்றி ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு உள்ளே போகப் போக, அதில் குடியிருக்கிற உயிரெல்லாம் நடுவுக்கு நகரும். முயல், கீரி, நரி, பன்றி, பாம்பு. கடைசியில் நடுவில் ஒரு திட்டுக் கரும்பு மட்டும் நிற்கும். காற்றே இல்லாமல் தோகை ஆடும். உள்ளே அத்தனையும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அப்போது நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு வெட்ட மாட்டார்கள். ஒரு பக்கத்தைக் காலியாக விடுவார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அது எப்போதும் ஓடைப் பக்கம். மேஸ்திரி குரல் கொடுப்பார்: “ஓடப் பக்கம் வுடு!” அங்கே நிற்கிறவர்கள் கத்தியைத் தாழ்த்தி விலகிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சரசரவென்று ஓட்டம். பன்றியும் முயலும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒரே வழியில் ஓடும். யாரும் கல்லெறிய மாட்டார்கள். வழி அடைபட்ட பன்றி தொடையைக் கிழித்துவிடும் என்பது ஒரு காரணம். வேறு காரணம் இருந்தாலும் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. வெட்டுகிறவனுக்கு அது கையில் ஊறிப்போன விஷயம். ஓடைப் பக்கம் என்றால் வழி.

அந்த நாள், நடுப்பகல். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். மேற்கே புகை எழுந்தது. கரும்பு எரிகிற வாசனை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெல்லப் பாகு அடிபிடித்ததுபோல இருக்கும், நாக்கு ஊறும். எனக்கும் ஊறியது. என் சமையலறையில் இன்றைக்கும் பாகு கொஞ்சம் கருகினால் நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிடுவேன். என் வீட்டுக்காரர் வந்து பாத்திரத்தை இறக்கி வைப்பார். ஏன் என்று கேட்பதை அவர் நிறுத்தி ரொம்ப வருஷமாகிறது.

அத்தை வேறொரு கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் புகையைப் பார்த்தாள். “எவன் வூட்டுக் கரும்போ, பாவம்” என்றாளாம்.

நடந்தது இதுதான். ஊர் இதை ஒரே மூச்சில் சொன்னதில்லை. பொட்டுப் பொட்டாக, வேறு பேச்சு பேசுகிறபோது, வருஷக் கணக்கில் உதிர்த்தது. தோட்டத்து நடுவில் இருந்த பம்புசெட்டுக் கொட்டகைக்கு ரெண்டு கட்சி ஆட்களையும் சமாதானம் பேச வரச் சொல்லியிருந்தார்கள். ஒரே அண்டாவில் கறிச்சோறு ஆக்கி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிகிற நேரத்தில் டிராக்டரில் பெரிய கட்சியின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சின்ன கட்சிக்காரர்கள் எச்சில் கையோடு கரும்புக்குள் ஓடினார்கள். தோட்டத்துக்கு மூன்று பக்கம் நெருப்பு வைத்தார்கள். ஓடைப் பக்கம் வைக்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் வெட்டுகிறவர்கள். வெளியே நின்றவர்களும் வெட்டுகிறவர்கள். புகையில் கண் தெரியாவிட்டாலும் ஓடை எந்தப் பக்கம் என்று கால்களுக்குத் தெரியும். காலியாக விட்ட பக்கம் வழி என்று உடம்புக்குத் தெரியும். ஓடினார்கள். அங்கே கத்தியைத் தாழ்த்தாமல் ஆட்கள் நின்றார்கள்.

ஒரே ஒருவர் பிழைத்தார் என்று பேச்சு. சின்ன கட்சியில் இருந்த ஒரு டெய்லர். வாழ்நாளில் ஒரு கரும்பு வெட்டியதில்லை. அவருக்கு ஓடையும் தெரியாது, வழக்கமும் தெரியாது. பயத்தில் நெருப்புக்குள்ளேயே பாய்ந்து, வெந்த உடம்போடு மறுபக்கம் விழுந்து, மேற்கே மலைக்கு ஓடினாராம். மலையேறி அந்தப் பக்கம் இறங்கிச் சேலத்துப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். போலீஸ் வந்தது. தோட்டம் தீப்பிடித்தது என்று எழுதிக்கொண்டு போனது. எரிந்த தோட்டத்தில் எது கரும்புக் கட்டை, எது வேறு என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அப்பா சாயங்காலம் வந்தார். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தார். அத்தை எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“மாப்ள மலைக்குப் போய்ட்டாரு. கொஞ்ச நாளைக்கு வரமாட்டாரு. தேடாத.”

“சொல்லாமயா போனாரு?”

“எங்கிட்ட சொன்னாரு.”

அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். முகம் முழுக்கத் துண்டு.

அப்புறம் அத்தை எங்களோடு வந்துவிட்டாள். பெரிய கட்சிக்காரன் வீட்டில் சின்ன கட்சிக்காரன் பெண்டாட்டி. ஊரில் சின்ன கட்சி என்ற ஒன்றே இல்லை என்றாகிவிட்டது. கறுப்பு ஓரம் தைத்த துணி எங்கேயும் இல்லை. அதைக் கிழித்து அடுப்புத் துணியாகக்கூட யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அத்தை கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. ஊர்ப் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டு அவளிடம் வரும்போது தட்டுப் பிடித்தவள் ஒரு நொடி தயங்குவாள். நீட்டவா, தாண்டிப் போகவா? அந்த ஒரு நொடிக்குள்தான் அத்தை அத்தனை வருஷமும் குடியிருந்தாள்.

“பாடிய பாத்தேன்னு எவனாவது வந்து சொல்லட்டும், அழிச்சிடறேன்” என்பாள். யாரும் வந்து சொல்லவில்லை. சொன்னால், நீ எங்கே நின்று பார்த்தாய் என்ற கேள்வி வரும்.

அவள் நம்பிக்கைக்கு ஒரு கணக்கு இருந்தது. “உங்க மாமா எப்பவும் ஓரத்துல நிக்கிற ஆளு கண்ணு. எடதுகை. அவரு எல்லாரும் போற வழியில போவமாட்டாரு” என்று என்னிடம் சொல்வாள். வெட்டு முடிந்து ஆலை நின்றதும் மலைக்குக் கிளம்பிவிடுவாள். கள்ளக்குறிச்சி போய், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் பிடித்து, இறங்கி, ஊர் ஊராக நடப்பாள். சாமை அறுக்கிறவர்கள், கடுக்காய் பொறுக்குகிறவர்கள், யாரிடமும் கேட்பாள். போகிறபோது அப்பா பஸ்ஸுக்குக் காசு கொடுப்பார். ஒரு தடவையும் போகாதே என்று சொன்னதில்லை. ஒரு தடவையும் போய்விட்டு வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டதில்லை. வெறுங்காலோடு வந்து அவள் பாதத்தில் முள் எடுக்கும்போது அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு தட்டைக் கழுவுவாள்.

எங்கள் வீட்டில் பேய் பிசாசென்று இருட்டில் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் பகலில் வந்தது. உச்சி வெயிலில் வாசல் பக்கம் நிழல் விழுந்தால் மூன்று பேரும் ஒரே சமயத்தில் நிமிர்வார்கள். கடைக்காரப் பையனாக இருக்கும், சாயம் விற்கிறவனாக இருக்கும். அத்தை வாடிப்போவாள். யாரும் எதையும் சொல்ல வந்துவிடவில்லை என்பதுபோல அப்பா மூச்சு விடுவார். ஒரே நிழலுக்கு ரெண்டு முகம். நான் ரெண்டையும் பார்த்து வளர்ந்தேன். பிற்காலத்தில் கவிதையில் வரிகளை உடைத்து உடைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காலேஜில் சேர்ந்திருந்த சமயம். புளி வாங்கப் போய்வந்த வியாபாரி ஒருவன் ஒரு சேதி கொண்டுவந்தான். மலைச் சந்தைக்குக் கீழ்நாட்டு ஆள் ஒருத்தன் வருகிறான், ரொம்ப காலமாக மலையிலேயே இருக்கிறான், எங்கள் பக்கத்துப் பேச்சு, இடது கையில்தான் கத்தி பிடிக்கிறான்.

இடது கை. அத்தைக்கு அதற்குள் முட்டி போய்விட்டது, தனியாக மேட்டில் ஏற முடியாது. “நீயும் வாண்ணா” என்றாள் அப்பாவிடம். அப்பா திண்ணைப் பக்கம் நகர்ந்தார். அம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “போய்ட்டு வாங்களேன். தங்கச்சி புருஷனத் தேடறதுக்குக் கசக்குதா?” அந்தக் குரலில் இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது, உடனே சட்டையை மாட்டினார். முட்டிக்குத் துணையாக நானும் போனேன்.

கள்ளக்குறிச்சி அப்போது வெறும் தாலூகா ஊர். பஸ் ஸ்டாண்டில் அத்தை இட்லி வாங்கி எங்களுக்குக் கொடுத்தாள். தான் சாப்பிடவில்லை. வீட்டிலேயே பொட்டை அழித்துப் புதிதாக, பெரிதாக வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பஸ் மலை ஏற ஏற ஜன்னலுக்கு வெளியே சமவெளி சாய்ந்தது. கரும்புத் தோட்டங்கள் பச்சையாக, சின்னச் சின்னதாக, யாரோ துவைத்து உலர்த்தியது போலக் கிடந்தன. அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பயமா இருக்குதாணா?” என்றாள் அத்தை. “வளைவு ஜாஸ்தி. கண்ண மூடிக்கோ.”

அண்ணனுக்கு வாந்தி வந்துவிடக் கூடாதே என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம் பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சந்தை ஒரு பலா மரத்தைச் சுற்றிப் பரவியிருந்தது. சாமை, தினை, தேன், மரவள்ளிக் கிழங்கு, புளி உருண்டைகள். மலைக்காரர்கள் மெதுவாகப் பேசி மெதுவாக விற்றார்கள். கிழங்கு விற்ற பெரியவரிடம் அத்தை கேட்டாள். அவர் ஆற அமரப் பதில் சொன்னார்:

“ஆமா தாயி, ஒரு ஆளு இருக்கறாரு. எடதுகைக்காரரு. அதோ, சாமை மூட்ட பக்கத்துல. முதுகு காட்டினு நிக்கறாரு பாரு.”

நான் பார்த்தேன். ஒரு முதுகு. துண்டு போட்ட தோள். இடது கையில் கத்தி. சணல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது அந்தக் கை. என் நினைவில் இருந்த கை அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. மாமா என்று கூப்பிட வாயெடுத்தேன். அந்த ஆள் திரும்பினார்.

வேறு யாரோ. மூக்கு வேறு, கண் வேறு, எங்களைத் தெரியாத ஒரு நல்ல முகம்.

அத்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று திரும்பினேன். அத்தை அந்த ஆளைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நாலு அடி தள்ளிக் குனிந்து, ஒரு புளி உருண்டையைக் கையில் எடுத்து உருட்டி, “கொட்டை கம்மியா இருக்குமா?” என்று விற்கிறவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை போய் அவர் பக்கத்தில் நின்றாள். சத்தமாகப் பேசவில்லை.

“அதோ அந்த ஆளுன்னு சொன்னாங்களேணா.”

“ம்.”

“நீ திரும்பியே பாக்கலியே.”

அப்பா புளியைக் கீழே வைத்தார்.

“அவரா இருக்கும்னு எனக்கு உசுரு போய் வந்துது. இந்தப் பொண்ணுக்கு மொவமே வெளுத்துப்போச்சு. நீ புளி வெல கேட்டுகினு இருக்கற.” அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒன்று இடிக்கிறது என்று சொல்கிறவள் குரல். “பஸ் ஏறினதுலேர்ந்து பாக்கறேன். எத்தினி ஆளு குறுக்க போனாங்க. ஒரு மொவத்த நீ பாக்கல. தேடறவன் பாப்பான். அவரு வந்துடுவாரோன்னு பயப்படறவனும் பாப்பான். நீ ரெண்டும் இல்ல.”

அப்பா பலா மரத்தடிக்கு நடந்து போய் உட்கார்ந்தார். அத்தை நின்றபடியே இருந்தாள். முட்டி வலியில் என் தோளில் கை போட்டிருந்தாள்.

“எங்க நின்ன?”

சந்தை நடந்துகொண்டிருந்தது. யாரோ ஆட்டுக்குட்டிக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“ஓடப் பக்கம்” என்றார் அப்பா.

அத்தை தலையை ஆட்டினாள். அதை முன்பே கேட்டுவிட்டவள் போல ஆட்டினாள்.

“என்ன நிக்க வச்சிட்டாங்க. நீ வரலன்னா நீயும் அவனுங்க ஆளுதான்னு சொல்லிட்டாங்க. வூட்டுல நீங்கள்லாம் இருக்கிறீங்க.” நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். “அவரு வேற பக்கம்தான் போய்க்கினு இருந்தாரு. ஓரமா. பொக நடுவுல என்னப் பாத்துட்டாரு. பாத்துட்டு எங்கிட்ட ஓடியாந்தாரு. மச்சான்னு கூப்டுகினே வந்தாரு.”

அத்தைக்கு முதல் முறையாக உதடு கோணியது. அவள் கணக்கு சரிதான். எல்லாரும் போன வழியில் அவர் போகவில்லை. கட்டிய பெண்டாட்டி சொன்ன மாதிரியே ஓரமாகத்தான் போயிருக்கிறார். மச்சான் நிற்கிறார் என்று திரும்பியிருக்கிறார்.

“நீதான் வெட்னியா?”

அப்பா உள்ளங்கையைத் திருப்பித் தரையைப் பார்க்க வைத்துக்கொண்டார். “நான் வெலகல” என்றார். “வெலகியிருந்தா போயிருப்பாரு. பக்கத்துல நின்னவன் வீசிட்டான். நான் வெலகல.”

இந்த ரெண்டு சொல்லுக்கு என்ன தண்டனை என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். கத்தியை வீசியவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. விலகாமல் நின்றவனுக்கு என்ன பெயர்? அன்றைக்கு மரத்தடியில் நான் அவரை வெறுக்கப் பார்த்தேன். கையில் எலுமிச்சம் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறுக்க வரவில்லை. அது வராததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அத்தை அழுதாள் என்று சொன்னால் வாசிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். அவள் பெரியவரிடம் போனாள், காட்டிக்கொடுத்ததற்கு நன்றி சொல்வதுபோலக் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கு வாங்கினாள், பையில் போட்டாள். “பஸ் எப்ப?” என்றாள்.

இறங்குகிற பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் என்னோடு. அப்பா பின்னால். வளைவுகள் முடிந்து தரை வந்ததும் என் காதுப் பக்கம் குனிந்து, “மச்சான்னு கூப்டாராமே” என்றாள். அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா, தெரியவில்லை. அதைச் சொன்னபோது அவள் குரல் அவள் குரலாக இல்லை. மாமாவின் முகம் மறந்துபோன எனக்குக் குரல் நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்குள் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் அந்தக் குரலைக் கேட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கள்ளக்குறிச்சியில் இறங்கினோம். எங்கள் ஊர் பஸ் புறப்பட இருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார். அத்தை அந்தப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு ஜவுளிக் கடை. நொண்டிக்கொண்டே ரோட்டைக் கடந்தாள். வண்டிகளும் சைக்கிள்களும் அவளுக்காக நின்றன. படியில் நின்று திரும்பி, “வாண்ணா” என்றாள்.

கடைக்குள் கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரிய கட்சியின் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கியது. கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாயைத் தட்டிப் போட்டார்.

“வாங்க, வாங்க. இன்னா பாக்கறீங்க? பாப்பாக்குங்களா?”

“கோடிப் புடவ” என்றாள் அத்தை.

கடைக்காரரின் சிரிப்பு இறங்கியது. புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டுக்காரர்கள் எடுத்துப் போடுகிற புடவை அது. அதற்கு யாரும் பேரம் பேசுவதில்லை, கலர் கேட்பதில்லை. அவர் எழுந்து உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து பாயில் வைத்தார். அத்தையின் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

“யாருக்கும்மா?”

“எனக்குத்தான். எடுத்துப் போட எங்கண்ணன் வந்திருக்கறாரு.”

கல்யாண ஜவுளிக்காரர்கள் கையில் இருந்த பட்டை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். கடைக்காரர் அப்பா பக்கம் திரும்பி, மரியாதைக்குக் கேட்கிறதைக் கேட்டார்:

“எப்பங்க தவறுனாரு?”

அப்பா அத்தையைப் பார்த்தார். மலைக்குப் போய்ட்டாரு என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய். அதைத் தவிர வேறு ஒன்றைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் அந்தக் காலண்டர். கேட்டுக்கொண்டிருக்கிற டவுன்.

“சொல்லு” என்றாள் அத்தை.

“பாப்பா ரெண்டாவது படிக்கறப்பங்க” என்றார் அப்பா. “கரும்பு எரிஞ்ச அன்னிக்கு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். தாவணி போட்டு, கையில் காலேஜ் பையோடு, அப்பாவின் தோள் உயரத்துக்கு நின்ற என்னை. புடவையின் மடிப்பில் இருந்த அவர் கை நின்றுவிட்டது.

“அது எந்தக் காலம்ங்க? அதுக்கு இப்ப கோடியா?”

“இப்பத்தாங்க சொன்னாரு” என்றாள் அத்தை. பொட்டை அழித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, அண்ணன் புடவையைப் போட்டுவிடுவதற்காக நின்றாள்.